சீனாவின் ஆதி வம்சங்கள் எப்படி ஆண்டன? பூசாரி அரசர் முதல் வட்டக் கணக்கர் வரை

சீனாவின் ஆரம்பகால வம்சங்கள் மக்களை எப்படி ஆண்டன, முதலிலிருந்தே ஒரு பேரரசர் உட்கார்ந்து உத்தரவு போட நாடே கீழ்ப்படிந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி நடக்கவில்லை. முதல் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அங்கே பேரரசர் என்று யாருமே கிடையாது, அந்தப் பட்டமே கி.மு. 221-ல்தான் உண்டாக்கப்பட்டது. அதற்கு முன் அரசர் முதலில் பூசாரியாக இருந்து ஆண்டார், பிறகு சொந்தபந்தங்களை வைத்து ஆண்டார், அதெல்லாம் ஓய்ந்த பிறகுதான் பதிவேடும் சட்டமும் வைத்து ஆளும் முறை வந்தது. என்னைக் கேட்டால் இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டிய ஆள், வட்ட அலுவலகத்தில் உட்கார்ந்து குடும்பம் குடும்பமாக மூங்கில் பட்டையில் பெயர் எழுதிய கணக்கர்தான். பெருஞ்சுவரையும் சுடுமண் வீரர்களையும் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், இவரைப் பற்றிப் பேசுவது குறைவு.

மரபுப்படி முதல் வம்சம் ஷியா. ஹெனான் மாகாணத்தில் அர்லிடோ என்ற இடத்தில் அரண்மனை அடித்தளங்களும் வெண்கலப் பாத்திரங்களும் கிடைத்திருக்கின்றன, அதுதான் ஷியாவின் தலைநகர் என்று சீன ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். ஆனால் படித்தறியும்படி எழுத்து எதுவும் அங்கே கிடைக்கவில்லை, அதனால் அவர்களுடைய ஆட்சிமுறை பற்றிச் சொல்வதெல்லாம் பிற்காலத்தவர் எழுதி வைத்ததுதான். அடுத்து வந்த ஷாங் வம்சத்திலிருந்து (சுமார் கி.மு. 1600 முதல் 1046 வரை) தொடங்குவதே சரி.

ஷாங்கின் கடைசித் தலைநகர் இன்றைய அன்யாங் நகரை ஒட்டி இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தப் பக்கத்து உழவர்கள் நிலத்தில் கிடைத்த பழைய எலும்புகளை ‘டிராகன் எலும்பு’ என்று நாட்டு மருந்துக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள், 1899-ல் வாங் யிரோங் என்ற அதிகாரி அவற்றில் எழுத்து இருப்பதைக் கண்டுகொண்டார். 1928-ல் முறையான அகழாய்வு தொடங்கியது, 1936-ல் ஒரே ஒரு குழியிலிருந்து மட்டும் 17,000-க்கும் மேற்பட்ட துண்டுகள் வந்தன. பெரும்பாலும் அரசருக்காகக் குறி கேட்ட எலும்புகள். மாட்டின் தோள்பட்டை எலும்பையோ ஆமையின் அடியோட்டையோ எடுத்து, பின்பக்கம் சின்னச் சின்னக் குழிகளாகக் குடைந்து, அதில் சூடு வைப்பார்கள். முன்பக்கம் விரிசல் விடும். அந்த விரிசலைப் பார்த்து அரசர் பலன் சொல்வார். எந்த நாள், குறி கேட்டவர் யார், கேள்வி என்ன, அரசர் சொன்ன பலன் என்ன, சில சமயம் கடைசியில் நடந்தது என்ன என்பது வரைக்கும் அதே எலும்பில் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

கேள்விகளைப் படித்தால் அந்த அரசு கண்ணுக்குத் தெரிகிறது. மழை வருமா, விளைச்சல் உண்டா, இந்தத் தலைவன் மேல் படையெடுக்கலாமா, அடுத்த பத்து நாளைக்கு ஆபத்து இல்லையே. கி.மு. 13-ஆம் நூற்றாண்டில் ஆண்ட வூ திங் என்ற அரசருக்குப் பல் வலி வந்தபோது, இறந்துபோன தன் தந்தை கோபத்தில் இருக்கிறாரா என்று குறி கேட்டிருக்கிறார். அவருடைய மனைவி ஃபூ ஹாவ் கர்ப்பமாக இருந்தபோது பிரசவம் நல்லபடி நடக்குமா என்று கேட்ட எலும்பும் இருக்கிறது. இன்ன நாளில் பிறந்தால் நல்லது என்று அரசர் சொல்கிறார், 31 நாள் கழித்து வேறொரு நாளில் குழந்தை பிறக்கிறது, ‘நல்லதில்லை, பெண்’ என்று எழுதி முடித்திருக்கிறார்கள்.

இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டால் ஷாங் ஆட்சியே புரியாமல் போய்விடும். மழையும் விளைச்சலும் தி என்ற பெருந்தெய்வத்தின் கையில், அந்தத் தெய்வத்திடம் பேசக்கூடியவர்கள் செத்துப்போன அரச முன்னோர்கள், அந்த முன்னோர்களிடம் பேசக்கூடியவர் இப்போதைய அரசர் ஒருவர்தான். ஊர் சாப்பிட வேண்டும் என்றால் அரசர் வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. அந்த உரிமையை வைத்துத்தான் ஆட்களைத் திரட்டி அரச நிலத்தில் வேலை வாங்கினார், போருக்கு அழைத்தார். அந்த முன்னோர்களுக்குப் படைக்க ஆடு மாடுகளோடு போரில் பிடித்த மனிதர்களையும் பலி கொடுத்தார்கள், மேற்கிலிருந்து பிடித்து வந்த சியாங் என்ற மக்களின் பெயர் அந்தப் பலிக் கணக்குகளில் திரும்பத் திரும்ப வருகிறது. ஃபூ ஹாவின் கல்லறை 1976-ல் கொள்ளை போகாமல் முழுசாகக் கிடைத்தது: 468 வெண்கலப் பொருட்கள், 750-க்கு மேல் பச்சைக்கல் பொருட்கள், கூடவே 16 மனித உடல்கள். அந்த அம்மா சாதாரணமான ராணி இல்லை, படை நடத்திப் போனவர், சொந்தமாக நிலம் வைத்திருந்தவர், சடங்குகளை முன்னின்று நடத்தியவர். அரச குடும்பத்துக்கு வெளியே நிர்வாகம் என்று தனியாக ஒன்று அநேகமாகக் கிடையாது. தலைநகரைத் தாண்டினால் ஆங்காங்கே தலைவர்கள், இன்றைக்குக் கூட்டாளி, நாளைக்கு எதிரி.

சுமார் கி.மு. 1046-ல் மேற்கே வேய் ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து வந்த ஜோ வம்சத்தார் மூயே என்ற இடத்தில் ஷாங் படையைத் தோற்கடித்தார்கள். ஜெயித்த உடனே அவர்களுக்கு இரண்டு தலைவலி. ஒன்று, முன்னோர் அருளால் ஆண்ட ஒரு வம்சத்தை விரட்டிவிட்டு நாம் உட்கார என்ன நியாயம்? வானம் ஆளும் உரிமையைத் தருகிறது, ஒழுக்கம் கெட்டால் அதைப் பிடுங்கி வேறொருவருக்குக் கொடுத்துவிடுகிறது என்று சொன்னார்கள். இது வெறும் பிற்காலக் கதை இல்லை. ஆரம்பகால ஜோ அரசர் ஒருவர் யூ என்ற பிரபுவுக்குப் பதவி கொடுத்ததை வெண்கலத்தில் எழுதி வார்த்த 153 கிலோ எடையுள்ள ஒரு பெரிய முக்காலிப் பாத்திரம் இன்றும் பெய்ஜிங்கில் இருக்கிறது. ஷாங்கின் அதிகாரிகள் எல்லாரும் குடியில் மூழ்கினார்கள், அதனால்தான் படையை இழந்தார்கள், நீ ஜாக்கிரதையாக இரு என்று அதில் அரசர் எச்சரிக்கிறார். பிறகு பரிசுப் பட்டியல்: உடை, தேர், குதிரை, அப்புறம் 659 ஆட்கள். மனிதர்களை எண்ணிக் கொடுக்கும் வழக்கம் அப்போதே இருந்தது.

இரண்டாவது தலைவலி தூரம். கிழக்கே மஞ்சள் ஆற்றுச் சமவெளி முழுக்கக் கையில் வந்துவிட்டது, ஆனால் அதை நிர்வாகம் செய்ய அலுவலர்கள் இல்லை, சாலை இல்லை, வரிக் கணக்கு இல்லை. எனவே தம்பி, சித்தப்பா, மாமன், நம்பிக்கையான தளபதி என்று ஒவ்வொருவரையும் ஒரு கூட்டம் ஆட்களோடு ஒவ்வொரு இடத்துக்கு அனுப்பி, அங்கே மதில் சுவர் எழுப்பிக்கொண்டு ஆளச் சொன்னார்கள். லு, சி, ஜின், யான், வேய் என்று பிற்காலத்தில் பெரிதான நாடுகள் பல இப்படித் தொடங்கியவைதான். தோற்ற ஷாங் குடும்பத்தின் வாரிசுக்கே சோங் என்ற நாட்டைக் கொடுத்தார்கள், முன்னோருக்குப் படையல் நின்றுபோகக் கூடாது என்பதற்காக. மூத்த மகன் வழி பட்டம், இளைய மகன்கள் கிளைக் குடும்பம், கிளைக்குள் கிளை. யார் யாருக்கு எத்தனை பாத்திரத்தில் படையல் வைக்கலாம் என்பது வரை தகுதியைப் பொறுத்தது. குடும்பத்தில் உன் இடம் எதுவோ அதுவே அரசில் உன் பதவி.

முதல் சில தலைமுறைகளுக்கு இது அருமையாக வேலை செய்தது. அண்ணன் தம்பி ஆண்ட இடத்தில் ஏழெட்டுத் தலைமுறை கழித்து யாரோ ஒரு தூரத்து உறவினர் உட்கார்ந்திருப்பார், அவருக்கு அரசர் மேல் என்ன பாசம் இருக்கும்? கி.மு. 771-ல் மேற்குத் தலைநகர் விழுந்தது, அரசர் கொல்லப்பட்டார், வாரிசு கிழக்கே இன்றைய லுவோயாங்குக்குக் குடிபெயர்ந்தார். கி.மு. 707-ல் ஜெங் நாட்டின் மேல் ஜோ அரசர் படையெடுத்துப் போனபோது ஜெங் படையைச் சேர்ந்த ஒருவர் விட்ட அம்பு அரசரின் தோளில் பாய்ந்தது. ஜெங் அரச குடும்பம் யார் என்று பார்த்தால், நூறு வருஷம் முன்னால் ஒரு ஜோ அரசரின் தம்பிக்காக உண்டாக்கிய நாடு அது. அதற்குப் பிறகும் ஜோ அரசர்கள் நானூறு ஐந்நூறு ஆண்டு பெயரளவில் இருந்தார்கள், ஆனால் யாரும் அவர்களைக் கேட்டு எதுவும் செய்யவில்லை.

இங்கிருந்துதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. ஒருவரோடொருவர் ஓயாமல் சண்டை போட்ட அந்த நாடுகளுக்கு ஆளும் பணமும் தேவைப்பட்டது, தேரில் போகும் பிரபுக்கள் மட்டும் போதவில்லை, நடந்து போகும் லட்சக்கணக்கான உழவர்கள் தேவைப்பட்டார்கள். கி.மு. 594-ல் லு நாடு நிலத்தின் அளவை வைத்து வரி போட ஆரம்பித்தது. கி.மு. 536-ல் ஜெங் நாட்டின் அமைச்சர் ஸிசான் தண்டனைச் சட்டங்களை வெண்கலப் பாத்திரத்தில் வார்த்து வெளியே தெரியும்படி வைத்தார். பக்கத்து நாட்டு அமைச்சர் ஒருவர் இதைக் கண்டித்துக் கடிதமே எழுதினார், மக்களுக்குச் சட்டம் தெரிந்துவிட்டால் பெரியவர்களை மதிக்க மாட்டார்கள், எழுத்தைப் பிடித்துக்கொண்டு வாதாடுவார்கள் என்று. கன்பூசியஸும் பிறகு இதே போல ஒன்றைக் கண்டித்ததாகச் சொல்வார்கள். அவர்களுடைய பயம் நியாயமான பயம்தான், ஏனென்றால் உறவை வைத்து ஆண்ட முறை அங்கேயே முடிகிறது.

இதை முழுமூச்சாகச் செய்தது மேற்கு ஓரத்தில் இருந்த சின் நாடு. கி.மு. 361-ல் அங்கே வந்து சேர்ந்த ஷாங் யாங் என்பவர் (ஷாங் வம்சத்துக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை) 356-லும் 350-லும் இரண்டு கட்டமாகச் செய்த சீர்திருத்தம் நாட்டையே புரட்டிப்போட்டது. குடும்பங்களை ஐந்தைந்தாகவும் பத்துப் பத்தாகவும் சேர்த்து, ஒருவர் தப்பு செய்து மற்றவர் சொல்லாவிட்டால் எல்லாருக்கும் தண்டனை. வளர்ந்த ஆண்கள் இரண்டு பேர் ஒரே வீட்டில் பிரியாமல் இருந்தால் இரட்டை வரி. பிரபுவின் மகன் என்றாலும் போரில் சாதிக்காவிட்டால் தகுதி இல்லை, சாதாரண உழவன் எதிரியின் தலையைக் கொண்டு வந்தால் தகுதி உயரும், நிலமும் வீட்டு மனையும் கிடைக்கும். சிற்றூர்களைச் சேர்த்து வட்டங்களாக்கி, ஒவ்வொரு வட்டத்துக்கும் அரசர் நியமித்த, அரசரே மாற்றக்கூடிய, மகனுக்கு விட்டுப்போக முடியாத ஒரு அதிகாரியை வைத்தார்.

ஷாங்காய் அருங்காட்சியகத்தில் ஒரு சின்ன வெண்கல அளவைப் பெட்டி இருக்கிறது, கைப்பிடியோடு, சுமார் 200 மில்லி தானியம் பிடிக்கும். கி.மு. 344-ல் ஷாங் யாங் இந்த அளவை நிர்ணயித்தார் என்று அதன் பக்கத்தில் எழுதியிருக்கிறது. அடிப்பக்கத்தில் இன்னொரு எழுத்து, கி.மு. 221-ல் நாடு முழுவதையும் ஒன்றாக்கிய முதல் பேரரசர் எடைகளையும் அளவுகளையும் ஒரே மாதிரி ஆக்கச் சொன்ன ஆணை. 123 வருஷம் கழித்தும் அதே பெட்டி, அதே அளவு. கி.மு. 338-ல் ஷாங் யாங்கையே தேர்களில் கட்டிக் கிழித்துக் கொன்றார்கள், ஆனால் அவர் போட்ட முறையை யாரும் தொடவில்லை.

அந்த முறை அன்றாடம் எப்படி நடந்தது என்பது 1975 டிசம்பர் வரை யாருக்கும் சரியாகத் தெரியாது. ஹுபெய் மாகாணத்தில் யுன்மெங் வட்டத்தில் ஷுய்ஹுதி என்ற இடத்தில் கால்வாய் வெட்டும்போது கல்லறைகள் தட்டுப்பட்டன. அவற்றில் ஒன்றில், கி.மு. 262-ல் பிறந்து 217-ல் இறந்த ஸி என்ற வட்ட அளவிலான சட்ட எழுத்தர் படுத்திருந்தார், அவருடைய எலும்புக்கூட்டைச் சுற்றிலும் 1,100-க்கு மேற்பட்ட மூங்கில் பட்டைகள். பெரும்பாலும் சட்டங்கள், அலுவலக நடைமுறைகள். ஒரு பகுதியில் நாட்டின் போர்களை வருஷ வாரியாகக் குறித்து, அதற்குப் பக்கத்திலேயே தனக்கு வேலை கிடைத்ததையும் தன் பிள்ளைகள் பிறந்ததையும் எழுதி வைத்திருக்கிறார்.

அந்தச் சட்டங்களில் சிலவற்றைப் பாருங்கள். மழை பெய்தால் எவ்வளவு பரப்புப் பயிருக்குப் பலன் கிடைத்தது என்று உடனே எழுதி அனுப்ப வேண்டும். வறட்சி, புயல், வெட்டுக்கிளி என்றாலும் அப்படியே. பக்கத்து வட்டங்கள் வேகமாக ஓடுபவர் மூலம், தூரத்து வட்டங்கள் அஞ்சல் நிலையங்கள் மூலம், எட்டாம் மாதத்துக்குள் அறிக்கை வந்து சேர வேண்டும். அரசாங்க உழவு மாடுகளை வருஷத்துக்கு நான்கு தடவை சோதிப்பார்கள். முதல் மாதத்துச் சோதனையில் முதலிடம் வந்தால் பொறுப்பாளருக்கு ஒரு குடம் மதுவும் ஒரு கட்டு உப்புக்கண்டமும், மாட்டுக்காரருக்கு ஒரு முறை கட்டாய வேலையிலிருந்து விலக்கும் கிடைக்கும். கடைசி இடம் வந்தால் திட்டும் தண்டனையும். வேலை வாங்கி மாட்டின் சுற்றளவு குறைந்துபோனால், குறைந்த ஒவ்வொரு அங்குலத்துக்கும் பொறுப்பானவருக்குப் பத்து அடி. அரசாங்கத்துக்குக் கடன்பட்டவர் உழைத்துத் தீர்க்கலாம், ஒரு நாளைக்கு எட்டுக் காசு கழியும், சாப்பாடு அரசாங்கம் போட்டால் ஆறு. விசாரணை செய்யும் அதிகாரிக்கு ஒரு குறிப்பு இருக்கிறது: வாக்குமூலத்தை எழுதி அதைப் பின்தொடர்ந்து, அடிக்காமலே உண்மையை வெளிக்கொண்டு வருவது சிறந்தது, அடித்து வாங்குவது மட்டம், பயமுறுத்தி வாங்கினால் விசாரணை கெட்டுப்போகும்.

சின் ஆட்சி கருணையான ஆட்சி என்று நான் சொல்லவில்லை. மூக்கறுப்பது, கால் வெட்டுவது, முகத்தில் பச்சை குத்துவது, சாகும் மட்டும் மதில் கட்டும் வேலைக்கு அனுப்புவது எல்லாம் அதே பட்டைகளில்தான் இருக்கின்றன. ஆனால் ஒரு கொடுங்கோலன் மனம் போன போக்கில் ஆண்டான் என்று அடுத்து வந்தவர்கள் எழுதியது பாதி உண்மைதான். அந்த ஆட்சியின் பயங்கரம், எல்லாவற்றுக்கும் விதி இருந்ததில் இருந்தது, அந்த விதி அதிகாரியையும் விடாமல் பிடித்ததில் இருந்தது. கி.மு. 221-ல் நாடு ஒன்றான உடன், தூரத்து இடங்களுக்கு இளவரசர்களை அனுப்பலாம் என்று மூத்த அமைச்சர் யோசனை சொன்னார். லி சி என்ற இன்னொரு அமைச்சர் மறுத்தார், ஜோ வம்சம் அப்படிச் செய்துதான் உறவினர்களே எதிரிகளானார்கள் என்று. பேரரசர் லி சி பக்கம் நின்றார், நாடு 36 மாவட்டங்களாகப் பிரிந்தது, ஒவ்வொன்றிலும் நிர்வாகத்துக்கு ஒருவர், படைக்கு ஒருவர், இருவரையும் கண்காணிக்க ஒருவர். பேரரசரும் தினமும் இவ்வளவு என்று ஆவணங்களை எடை போட்டு வைத்துக்கொண்டு அதைப் படித்து முடிக்காமல் ஓய்வெடுக்க மாட்டார் என்று பிற்கால வரலாறு குறைப்பட்டுக்கொள்கிறது.

கி.மு. 209-ல் எல்லைக் காவலுக்குப் போன 900 பேர் மழையில் மாட்டிக்கொண்டார்கள், தாமதமானால் மரண தண்டனை என்பதால் சென் ஷெங், வூ குவாங் இருவரும் கலகம் செய்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஷுய்ஹுதி பட்டைகளில் கட்டாய வேலைக்குத் தாமதமாக வந்தால் என்ன என்று தெளிவாக இருக்கிறது: மூன்று முதல் ஐந்து நாள் என்றால் திட்டு, ஆறு முதல் பத்து நாள் என்றால் ஒரு கேடயம் அபராதம், அதற்கு மேல் ஒரு கவசம், மழை என்றால் வேலையே ரத்து. எல்லைக் காவலுக்கு இதே சட்டமா, தனியாகக் கடுமையான ராணுவச் சட்டமா என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். எப்படி இருந்தாலும், பேரரசர் இறந்து மூன்று நான்கு ஆண்டுக்குள் சின் வம்சம் காணாமல் போனது.

ஆனால் முறை போகவில்லை. கலகப் படைகளோடு தலைநகருக்குள் நுழைந்த லியு பாங்கின் தளபதிகள் தங்கத்தையும் பட்டையும் அள்ளப் போனார்கள், அவரோடு வந்த சியாவ் ஹ மட்டும் நேராக அமைச்சர் அலுவலகத்துக்குப் போய் சட்டங்களையும் வரைபடங்களையும் குடும்பப் பதிவேடுகளையும் எடுத்துக்கொண்டார். சியாவ் ஹ முன்பு ஒரு வட்ட அலுவலக எழுத்தர், எது சொத்து என்று அவருக்குத் தெரியும். எந்த ஊரில் எத்தனை பேர், எங்கே கோட்டை, எங்கே தானியம் என்பது அதில்தான் இருந்தது, அடுத்த நான்கு வருஷப் போரில் அதுதான் கைகொடுத்தது. கி.மு. 202-ல் லியு பாங் ஹான் வம்சத்தின் முதல் பேரரசரானார். கி.மு. 186-ஐ ஒட்டிய ஹான் சட்டங்கள் ஜாங்ஜியாஷான் கல்லறையில் கிடைத்திருக்கின்றன, பல இடங்களில் சின் சட்டத்தின் சாயல் அப்படியே தெரிகிறது. கி.மு. 167-ல்தான் உடலுறுப்பை வெட்டும் தண்டனைகளில் பல நீக்கப்பட்டன, தண்டனைக்கு ஆளான தன் தந்தைக்காகத் தானே அடிமையாகிறேன் என்று தி யிங் என்ற பெண் பேரரசருக்கு எழுதிய மனுவுக்குப் பிறகு.

கிழக்குப் பாதியை மட்டும் ஹான் அரசர்கள் முதலில் சொந்தக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள், கி.மு. 154-ல் ஏழு நாடுகள் சேர்ந்து கலகம் செய்தன, ஜோவின் பாடத்தை மறுபடி படிக்க வேண்டியதாயிற்று. 127-ல் ஒவ்வொரு சிற்றரசரும் தன் நிலத்தை எல்லா மகன்களுக்கும் பங்கிட வேண்டும் என்று ஆணை வந்தது, சத்தமில்லாமல் அந்த நாடுகள் துண்டு துண்டாகிவிட்டன. கன்பூசியஸின் நூல்களைப் படித்தவர்களை அதிகாரிகளாக எடுக்கக் கி.மு. 124-ல் 50 மாணவர்களோடு அரசுக் கல்விக்கூடம் தொடங்கியது. பேச்சில் கன்பூசியஸ், அலுவலகத்தில் ஷாங் யாங் என்பது என் கணிப்பு.

கி.பி. 2-ல் எடுத்த கணக்கெடுப்பில் 1,22,33,062 குடும்பங்கள், 5,95,94,978 மக்கள் என்று பதிவாகியிருக்கிறது. இதை எத்தனை பேர் வைத்து ஆண்டார்கள் என்பதற்கு 1993-ல் ஜியாங்சு மாகாணத்து யின்வானில் கிடைத்த ஒரு மாவட்ட அலுவலரின் கல்லறை பதில் சொல்கிறது. அவருடைய தோங்ஹாய் மாவட்டத்தில் 38 வட்டங்கள், சுமார் 14 லட்சம் மக்கள், சுமார் 2,200 அலுவலர்கள். அதாவது 600 பேருக்கு மேல் ஓர் அலுவலர். வட்டத்துக்குக் கீழே ஊர்ப் பெரியவர்களும் பணக்காரக் குடும்பங்களும் ஒத்துழைத்தால்தான் வண்டி ஓடும். ஆரம்பத்தில் ஒத்துழைத்தார்கள். பிற்கால ஹானில் அந்தக் குடும்பங்கள் பெரும் பண்ணைகளாக வளர்ந்தன, வரி கட்ட முடியாத உழவர்கள் பதிவேட்டை விட்டு அவர்களிடம் அடைக்கலம் போனார்கள், அரசாங்கம் மிச்சமிருந்தவர்கள் மேல் சுமையை ஏற்றியது, அவர்களும் ஓடினார்கள். கி.பி. 184-ல் மஞ்சள் தலைப்பாகைக் கலகம், 220-ல் ஹான் முடிந்தது. அதற்குப் பிறகு மூன்றாக உடைந்த நாடுகளில் ஒன்றான ஷு 263-ல் சரணடைந்தபோது ஒப்படைத்த பதிவேட்டில் 9,40,000 மக்களும் 40,000 அலுவலர்களும் இருந்தார்கள். ஷுவில் வாழ்ந்த மொத்தப் பேரும் அவ்வளவுதான் என்று வரலாற்றாளர்கள் பெரும்பாலும் நம்புவதில்லை, மீதிப் பேர் பெரிய குடும்பங்களின் நிலத்தில் இருந்தார்கள், அங்கே எழுத்தர் போய்க் கணக்கெடுக்க முடியவில்லை.